எட்டு வினாடிக்கு மேல் ஒலிக்கக் கூடாது
மெலோட்ரான் என்பது டேப்பில் பதிந்த ஒலிகளை ஒலிக்கும் பழைய கீபோர்டு. அதன் புல்லாங்குழல் ஒலியைக் கணினியில் கொண்டுவர ஒரு நல்ல சாம்பிளும் (பதிவுசெய்த ஒலித்துணுக்கு) ரிவெர்பும் (எதிரொலி விளைவு) போதும் என்ற இந்தக் கட்டுரையின் கருத்து சரியல்ல. அந்தக் கருவியில் 35 கட்டைகளுக்கும் தனித்தனி டேப், சுமார் 8 வினாடியில் தீர்ந்துவிடும். ஒரே சாம்பிளை எல்லாக் கட்டைக்கும் நீட்டினால் சுருதி மேலே போகப் போக வைப்ரேட்டோ (சுருதியின் நடுக்கம்) வேகமெடுக்கும்; போலி என்று காட்டிக்கொடுப்பது அதுதான். கட்டைக்கொரு சாம்பிள் வையுங்கள், ஒலியைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பை அணையுங்கள், வெலாசிட்டியின் (கட்டையை அழுத்தும் வேகம்) தாக்கத்தைப் பூஜ்ஜியமாக்குங்கள். மோட்டார் ஒன்றே என்பதால் சுருதியை மெல்ல அசைக்கும் எல்எஃப்ஓ எல்லாவற்றுக்கும் பொது, 2-3 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) போதும். ஆனால் டேப்பை அழுத்தும் உருளையும் டேப்பும் கட்டைக்குக் கட்டை வேறு. ஆகவே சுருதியை 5 சென்ட் வரை தனித்தனியாக விலக்குங்கள். மேலே கருத்திட்ட ஒருவர் சொன்னபடி, உயர் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டரை 3 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் ஊதும் மூச்சே செத்துவிடும். 7-8 கிலோஹெர்ட்ஸில் நிறுத்துங்கள், ரிவெர்பைக் கடைசியில் பார்க்கலாம்.