பத்து நிமிடத்தில் தீர்ப்பு

3×4+5 எவ்வளவு? 17 என்பீர்கள். ஏபிஎல் என்ற நிரல்மொழியில் 27. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பள்ளிக்கூடக் கணக்கையே தப்பாகப் போடுகிற மொழியை யார் உட்கார்ந்து உருவாக்கினார்களோ என்று நண்பர்களிடம் கிண்டலடித்துவிட்டு மூடிவைத்தேன். மொத்தம் பத்து நிமிடம் பார்த்திருந்தால் அதிகம்.

சில வருடம் கழித்து ஒரு வேலைக்காக மறுபடி அதைத் தொட வேண்டி வந்தது. இந்தத் தடவை இரண்டு மாலைகள் செலவழித்தேன். அந்த மொழியில் குறிகள் டஜன் கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எது முந்தி, எது பிந்தி என்று வரிசை வைத்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி: வலப்பக்கம் இருப்பதை முதலில் முடி. 4+5 ஒன்பது, அதை மூன்றால் பெருக்கினால் 27. அப்புறம் அந்தச் சாய்கோடு. கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டால், பட்டியலில் உள்ள எண்களுக்கு நடுவிலெல்லாம் கூட்டல் குறி போட்ட மாதிரி. மொத்தம் வந்துவிடும். கூட்டலுக்குப் பதில் பெருக்கல் குறி என்றால் பெருக்குத்தொகை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய நான் காலம் முழுக்க நாலு வரி லூப் எழுதிக்கொண்டிருந்த இடம் அது! கென்னத் ஐவர்சன் இந்தக் குறியீட்டை 1962-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார், 1979-ல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதும் வாங்கினார். நான் கிண்டலடித்தது அவரைத்தான்.

(இன்னொருவர் எழுதிய ஏபிஎல் நிரலைப் படிக்கச் சொன்னால் இன்றும் எனக்குத் தலை சுற்றும். ஆனால் அதை இப்போது பழகிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.)

புதிதாக ஒன்றைத் தொடும்போது கை தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் பழைய பழக்கம். விம் என்ற எடிட்டரைத் திறந்துவிட்டு வெளியே வரத் தெரியாமல் முழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2013-ல் இணையப் பக்கங்கள் கட்ட உதவும் ரியாக்ட் வெளிவந்தபோது, ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குள்ளேயே பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல் மாதிரி எழுதுவதா என்று முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர். இன்று அப்படி எழுதுவது சர்வ சாதாரணம்.

சில நேரம் அளவுகோலே பொருந்தாது. நிரலை எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கும் திறந்த மூலத் திட்டம் என்றால், வெளியிலிருந்து எத்தனை பேர் நிரல் அனுப்புகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்போம். எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத் திட்டம் முகம் தெரியாதவர்கள் அனுப்பும் நிரலைச் சேர்ப்பதில்லை. நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கப் பலரும் பயன்படுத்தும் கிட் கூடக் கிடையாது, தாங்களே செய்துகொண்ட ஃபாசிலைத்தான் வைத்திருக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஆள் இல்லாத திட்டம் மாதிரி இருக்கும். உங்கள் கைப்பேசிக்குள் இந்த நிமிடம் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்காக, வினோதமாக இருப்பதையெல்லாம் மேதைமை என்று தூக்கிவைத்து ஆடவும் முடியாது. நானே ஆடியிருக்கிறேன். தரவைப் புதுமாதிரிச் சேமிக்கும் ஒரு கருவியின் டெமோவில் மயங்கி, ஆகா ஓகோ என்று குழு முழுக்கப் பரப்பினேன். ஒரு மாதத்தில் சர்வர் திடீரென்று நின்றது, திரும்ப ஏற்றியபோது அன்றைய பதிவுகளில் பாதியைக் காணோம். அதிலிருந்து புதுசாக எது வந்தாலும் ஆயிரம் பதிவுகளை எழுதவிட்டு, நடுவில் ஓங்கி ஒரு கில் கொடுத்து, அதாவது நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்தி, மறுபடி திறந்து எண்ணிப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. உரிமம் என்ன, என் தரவை வெளியே எடுக்க வழி உண்டா என்பதையும் அரை மணியில் நியாயமாகச் சொல்லிவிடலாம். ரசனைக்கு அங்கே இடமில்லை. "பயன்படுத்தக் கஷ்டம்" என்று மட்டும் அரை மணியில் சொல்லாதீர்கள்.

போன வாரம் அலுவலகத் தம்பி ஒருவன் தானே எழுதிய எடிட்டரைக் காட்டிக் கருத்துக் கேட்டான். கோப்பு, சேமி என்ற பேச்சே இல்லாத எடிட்டர். இப்படி எழுதி அனுப்பினேன்: "நாற்பது நிமிடம் பார்த்தேன். தேடலைத் தொடவில்லை. நாலு தடவை கொன்று பார்த்தேன், ஒரு எழுத்தும் போகவில்லை. ஷார்ட்கட்டுகள் எரிச்சல், அது உன் தப்பா என் விரலின் தப்பா தெரியவில்லை."

உடனே பதில் வந்தது: "ஷார்ட்கட் என் தப்புதான் அண்ணா, எனக்கே எரிச்சலா இருக்கு."