கடலூர்–புதுவை பஸ்ஸுக்கு யார் பொறுப்பு?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சுமார் 25 கிலோமீட்டர்தான். இந்த ரோட்டில் பஸ் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விழுப்புரம் கோட்டத்து அரசு பஸ் ஓடுகிறது, புதுச்சேரி அரசின் பி.ஆர்.டி.சி. ஓடுகிறது, இரண்டு பக்கத்துத் தனியார் வண்டிகளும் ஓடுகின்றன. காலை ஒன்பது மணிக்கு ஒன்றன் பின்னால் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். ராத்திரி கடை மூடியதும் கிளம்புகிற ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் வராது. தொலைதூர வண்டி வரும், ஆனால் தவளக்குப்பத்திலோ கிருமாம்பாக்கத்திலோ நிற்காது. இதைப் பஸ் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டால் தீர்வும் தப்பாகத்தான் வரும். பத்து புது வண்டி வாங்கி, கொடியசைத்து, போட்டோ எடுத்து, அதையும் காலை ஒன்பது மணிக்கே விடுவார்கள்.

என் கருத்து இதுதான்: இந்த வழித்தடத்தில் ஓடுகிறவர்கள் பலர், முழு வழித்தடத்துக்கும் பொறுப்பானவர் ஒருவரும் இல்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால், ஒவ்வொருவரும் தன் கம்பெனியின் கடைசி வண்டியைத்தான் சொல்வார்கள். நாலு பேரின் டைமிங்கையும் சேர்த்து ஒரே தாளில் போட்டு நிலையத்தில் ஒட்டியிருப்பதை நான் பார்த்ததில்லை.

ராத்திரி ட்ரிப் ஏன் முதலில் வெட்டப்படுகிறது என்பதில் மர்மம் ஒன்றும் கிடையாது. தனியார் வண்டியில் டிரைவர், கண்டக்டர் பேட்டா பெரும்பாலும் கலெக்‌ஷனைப் பொறுத்தது. கூட்டம் இருக்கிற நேரத்தில் முந்திப் போய் அள்ளினால்தான் காசு. அரசு வண்டிக்கும் டீசல் செலவைக் காட்டி மேலே கணக்குச் சொல்ல வேண்டும். அவரவர் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லோர் கணக்கும் சரி. எல்லாக் கணக்கையும் கூட்டிப் பார்த்தால் ஒன்பதரை மணிக்கு நிறுத்தத்தில் நிற்கிற ஆளைக் காணோம்.

இதற்கு மேல் மாநில எல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து எல்லையை வரைபடத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். புதுச்சேரியின் பாகூர் பகுதி கடலூர் மாவட்டத்துக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. கரையாம்புத்தூர், மடுகரை பக்கம் போனால் ஒரே ரோட்டில் மாநிலம் மாறி மாறி வரும். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோயில் புதுச்சேரி. மக்கள் கல்யாணம், வேலை, ஆஸ்பத்திரி, ஜவுளி எல்லாவற்றுக்கும் இந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டே இருக்கிறார்கள். (மதுச் சரக்கு வாங்கத் தாண்டுகிறவர்களுக்கு ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் தனிக் கவனிப்பு உண்டு. அந்த விஷயத்தில் மட்டும் நிர்வாகம் ராத்திரியிலும் கண்விழித்து இருக்கும்.)

ஆனால் பஸ் பர்மிட் அப்படித் தாண்டாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 88-ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலம் கொடுத்த பர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல, பொதுவாக அங்கே எதிர்க் கையொப்பம், அதாவது அந்த மாநில அதிகாரியின் ஒப்புதல், வாங்க வேண்டும். எந்த வழித்தடத்தில் எத்தனை பர்மிட் என்பதை இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்யலாம். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் வழக்கமாகப் பேசப்படுவது, உன் வண்டி என் மண்ணில் எத்தனை கிலோமீட்டர், என் வண்டி உன் மண்ணில் எத்தனை கிலோமீட்டர் என்ற சமக் கணக்கு. சென்னை–பெங்களூர் மாதிரி வழித்தடத்துக்கு அது நியாயம். வளைந்து நெளிகிற எங்கள் எல்லையில் அப்படிக் கிலோமீட்டர் பிரிப்பது, கூட்டுக் குடும்பத்தில் சாம்பார்க் கரண்டியை எண்ணுவது மாதிரி.

அதே பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அப்படிப்பட்ட ஒப்பந்த முன்மொழிவை இரண்டு அரசுகளும் அரசிதழிலும் அந்தப் பகுதியில் வரும் வட்டார மொழிப் பத்திரிகையிலும் வெளியிட வேண்டும். ஆட்சேபணையோ யோசனையோ சொல்ல அவகாசம் தர வேண்டும். அரசிதழில் வந்து 30 நாளாவது கழித்துத்தான் அதைப் பரிசீலிக்கலாம். அதாவது, பயணிகள் சட்டப்படியே வாய் திறக்க ஒரு இடம் உண்டு. அதைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் பஸ் முதலாளிகளும் அவர்களுடைய வக்கீல்களும்தான். கூட்டத்தில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு அரசிதழ் வந்ததே தெரியாது.

சலுகைகளும் இதே மாதிரிதான். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாடு அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அருமையான திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் ரெட்டிச்சாவடியிலிருந்து கிருமாம்பாக்கம் பக்கத்து மருத்துவக் கல்லூரிக்கு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு முதலில் வருவது தனியார் வண்டி என்றால் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். பள்ளிப் பிள்ளையின் இலவச பாஸும் அப்படியே, அது எந்த அரசின் பாஸோ அந்த அரசின் வண்டிக்குத்தான். அப்புறம் ஜிப்மர் ஆஸ்பத்திரி. கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் என்று எங்கிருந்தெல்லாமோ விடிகாலையிலேயே ஓ.பி. சீட்டுக்காகக் கிளம்பி வருகிறார்கள். ஜிப்மர் இருக்கிற கோரிமேடு வழியாகப் போகிற வண்டி கிடைக்காவிட்டால் புதுச்சேரி நிலையத்தில் இறங்கி, மறுபடி டவுன் பஸ்ஸோ டெம்போவோ பிடித்து, மறுபடி காசு கொடுக்க வேண்டும். உடம்புக்கு முடியாதவர்களைத்தான் இப்படி அதிகம் அலைய விடுகிறோம்.

ரயில் வரட்டும் என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. விழுப்புரம்–புதுச்சேரி பாதை 1879-இலேயே வந்துவிட்டது. இன்றும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறிப் புதுச்சேரி போக விழுப்புரத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகச் சென்னையையும் கடலூரையும் இணைக்கும் கடற்கரைப் பாதை பட்ஜெட் சமயத்தில் மட்டும் பேச்சில் வரும். வரட்டும், ஏறிக்கொள்வோம். அதுவரைக்கும் பஸ்தான்.

சேர்ந்து நடத்துவது முடியாத காரியமா? டெல்லி–மீரட் விரைவு ரயிலை நடத்தும் கம்பெனியில் மத்திய அரசுக்கு 50 சதவீதம், டெல்லி, ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் நான்குக்கும் ஆளுக்கு 12.5 சதவீதம் பங்கு. கட்சி வேறு, சண்டை வேறு, வண்டி 2023 அக்டோபரில் ஓட ஆரம்பித்துவிட்டது. பிரான்ஸில் சொந்தக்காரர் இருக்கிற புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இன்னொன்று சொன்னால் புரியும். ஸ்ட்ராஸ்பூர்கின் டிராம் 2017-இலிருந்து ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊர் வரை போகிறது. போன நூற்றாண்டில் இரண்டு உலகப் போர்களில் மோதிக்கொண்ட நாடுகள் அவை. நமக்கு நடுவில் இருப்பது தென்பெண்ணை, அதுவும் பாதி வருஷம் மணல்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், இது சீக்கிரம் நடக்காது. சென்னையில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒருங்கிணைக்கும் கும்டாவுக்கு 2010-இல் சட்டம் போட்டார்கள். ஒரே க்யூ.ஆர். சீட்டில் மூன்றிலும் போகிற ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில்தான் வந்தது. ஒரே மாநிலத்துக்குள்ளேயே 15 வருஷம்.

அதனால் நான் கேட்பது சின்னது. இந்த ஒரு வழித்தடத்துக்கு மட்டும் ஒரு கூட்டுக் குழு. இரண்டு அரசின் போக்குவரத்துத் துறை, இரண்டு போக்குவரத்துக் கழகம், தனியார் பஸ் உரிமையாளர்கள், தொழிற்சங்கம், பயணிகள். பயணிகள் என்றால் எம்.எல்.ஏ.வின் மச்சான் அல்ல, தினமும் பஸ்ஸில் போகிற நர்ஸ், மாணவர், மீன் விற்கிற அம்மா. முதல் வேலையாகப் பொது டைமிங் தாள். அடுத்து, ராத்திரிக் கடைசி ட்ரிப்பை நாலு தரப்பும் முறை வைத்து ஓட்டுவது. அதில் விழுகிற நஷ்டத்தை இரண்டு அரசும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். தனியார்காரர் தர்மத்துக்கு ஓட்ட மாட்டார், ஓட்டச் சொல்வதும் நியாயமில்லை. பொது டிக்கெட் அதற்கப்புறம். டிக்கெட் மெஷினில் யார் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார் என்பது பதிவாகிறது, அதை வைத்து வசூலைப் பிரிப்பது பெரிய வித்தை இல்லை.

இதையெல்லாம் பேச இடமில்லை என்று அதிகாரிகள் சொல்ல முடியாது. 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்படி அமைந்த தென்மண்டலக் கவுன்சிலில் தமிழ்நாடும் உண்டு, புதுச்சேரியும் உண்டு. அது பேசலாம் என்று சட்டம் குறிப்பிடுகிறவற்றில் மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்தும் ஒன்று. ஆனால் கடலூர் கடைசி பஸ்ஸுக்கு உள்துறை அமைச்சர் தலைமையில் கூட்டம் போட வேண்டுமா? மாவட்ட ஆட்சியர்களும் போக்குவரத்து அதிகாரிகளும் உட்கார்ந்தாலே ஆரம்பித்துவிடலாம். முதல் கூட்டத்தைக் கிருமாம்பாக்கத்தில் வையுங்கள், ராத்திரி எட்டு மணிக்கு. எல்லோரும் பஸ்ஸில் வந்து, பஸ்ஸிலேயே திரும்பட்டும்.