இஞ்ச் டேப் என்ன விலை?

பிரசவமாகிப் பன்னிரண்டு நாளான அந்தப் பெண்ணின் கால் வலியையும், உள்ளே ரத்தம் கட்டியிருந்ததை யாரும் கவனிக்காததையும் போன பதிவில் எழுதியிருந்தேன், திரும்ப விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஆனால் அதன் கீழே ஒருவர் வந்து, "பிள்ளை பெத்தவளுக்குக் கால் வலிக்காம என்ன செய்யும்? உள்ளே ரத்தம் கட்டியிருக்குன்னு யார் கண்டா?" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ரெண்டு நாளாகத் தூக்கமில்லை.

கண்டிருக்கலாம் சார். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை காலில் ரத்தம் உறைகிற ஆபத்து கூடுதல் என்பது மருத்துவப் பாடம். ஒரு கால் மட்டும் வீங்கினால் ரெண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளக்க வேண்டும். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். காலில் ரத்தம் உறைந்திருக்குமா என்று கணிக்க வெல்ஸ் ஸ்கோர் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அதில் இதுவும் ஒன்று. கேரள எல்லையிலுள்ள குமுளியில் தையல் கடை வைத்திருப்பவன் நான். டேப் என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

என் அம்மா ஏலத்தோட்டத்தில் வழுக்கி விழுந்து ஐந்து வாரம் மாவுக்கட்டோடு கிடந்தாள். கட்டுப் பிரித்த மறுவாரம் இடதுகால் வீங்கியது. இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரெண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். "கால் கொதிக்குது" என்றாள் அம்மா. மலையாளத்தில் கொதி என்றால் ஆசை. நர்ஸ் சிரித்துவிட்டார், அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். டாக்டருக்கு நல்ல தமிழ் தெரியும், மொழி மேல் பழி போட மாட்டேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சுளுக்கு என்று மாத்திரையும் தைலமும். நாலு ராத்திரி நான்தான் தேய்த்துவிட்டேன். இப்படிப்பட்ட காலைத் தேய்க்கவே கூடாதாம்.

ஐந்தாம் நாள் விடியற்காலை மூச்சு வாங்கியது. ஜீப் பிடித்து மலையிறங்கிக் கம்பம் போனோம். அங்கிருந்த சின்ன வயசு டாக்டர் முதலில் ரெண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் பார்த்தார். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறியிருக்கும் என்றார். மதியம் தாண்டவில்லை. டாக்டர்கள் எல்லோருமே மோசம் என்று நான் எங்கே சொன்னேன்?

"எல்லா வீக்கத்துக்கும் ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எழுதினால் கமிஷன் என்று நீங்கள்தானே பேசுவீர்கள்?" நியாயமான கேள்வி. நானே பேசியிருக்கிறேன். ஆனால் கண்டபடி ஸ்கேன் எழுதாமல் இருக்கத்தானே அந்த ஸ்கோர்? அது குறைவாக வந்து, டி-டைமர் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஸ்கேனே வேண்டாமே.

"டாக்டர்களைக் குத்தச் சொல்கிறாயா?" 2023-ல் கொட்டாரக்கரையில் பணியிலிருந்த அந்த இளம் டாக்டரைக் குத்திக் கொன்றதை நியாயப்படுத்துகிறவன் மனுஷனே இல்லை. அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள்.

ஜெயிலில் போடவும் சொல்லவில்லை. காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தர வேண்டும் என்று விதியும் இருக்கிறது. கேட்கப் போனேன். ஒரு ஓ.பி. சீட்டு கிடைத்தது. கால்வலி என்று இருந்தது. வீக்கம் என்ற சொல்லே இல்லை.

அப்புறம், யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அந்த நாலு ராத்திரியும் டேப் என் கழுத்தில்தான் கிடந்தது. அளக்கணும் என்று எனக்குத் தெரியாது சார். நான் ஜாக்கெட் தைக்கிறவன்.