712 எங்கிருந்து வந்தது?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் 1000 − 398 எவ்வளவு என்று வாய்க்கணக்காகக் கேளுங்கள். "400 போனா 600. ரெண்டு கூடப் போயிருச்சு, அப்ப 602" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அதே கணக்கை நோட்டில் மேலும் கீழுமாகப் போடச் சொன்னால் 712 வந்து நிற்கும். கடன் வாங்கும்போது நடுவில் உள்ள இரண்டு சுழியமும் 9 ஆக வேண்டும். எல்லாவற்றையும் 10 ஆக்கியதால் வந்த வினை. 400 எடுத்தாலே 600தானே மிஞ்சும் என்று அப்போது தோன்றுவதில்லை. நோட்டைத் திறந்தால் யோசிக்காதே, ஸ்டெப் போடு என்றுதானே பழக்கியிருக்கிறோம்!

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் சிறுவர்களைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வெளியானது. தேங்காய் ஒன்று 35 குரூசேரோ (அந்நாட்டின் அன்றைய நாணயம்), பத்து எவ்வளவு? 12 வயதுப் பையன் 35க்குப் பின்னால் சுழியம் சேர்க்கவில்லை. மூன்று 105, இன்னும் மூன்று 210, பிறகு 315, கடைசியில் 350. அந்தச் சிறுவர்கள் சொன்ன விடைகளில், விற்கிற இடத்தில் 98 சதவீதம் சரி. வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 சதவீதம்தான்.

வகுப்பில் தினமும் பத்து நிமிடம் வாய்க்கணக்குக்கு ஒதுக்குங்கள். கணக்கைப் பலகையில் பக்கவாட்டில் எழுதுங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் கை தானாகக் கடன் வாங்கப் போய்விடும். நோட்டு மூடியே இருக்கட்டும். ஒருவர் கையைத் தூக்கியதுமே மற்றவர்கள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். அதனால் விடை கிடைத்தவர் நெஞ்சருகே கட்டைவிரலைக் காட்டினால் போதும். கேட்டபின் மூன்று விநாடியாவது காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார்.

வந்த விடைகளை எல்லாம், தவறானவற்றையும், முகம் மாறாமல் எழுதுங்கள். "எப்படி வந்துச்சு?" என்று சரியான விடை சொன்ன பிள்ளையிடமும் கேளுங்கள். தவறுக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியே திட்டு ஆகிவிடும்.

தானாக எழும் யோசனை எப்போதும் சரியாக இருக்காது. 398ஐ 400 ஆக்கிய பிள்ளை, 600இலிருந்து இன்னும் இரண்டைக் கழித்து 598 என்று சொல்வதும் உண்டு. இரண்டைக் கூட்டியதால் இரண்டைக் கழிக்க வேண்டும் என்ற நினைப்பு அது. விதி சொல்லித் திருத்தாதீர்கள். "398 ரூபாய் தர வேண்டிய இடத்தில் 400 கொடுத்துட்டே. மீதி ரெண்டு ரூபாய் யாருக்கு?" என்று கேளுங்கள். "எனக்கு" என்று சொல்லும்போதே பிள்ளை 598ஐ அழிக்கப் பலகைக்கு வந்துவிடும்.