ஆறாவது புத்தகம்

என் அலமாரியில் ஐந்து புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளி சினிமாவின் உலகத்தை வைத்துக் கேரன் ட்ராவிஸ் எழுதிய ‘ரிபப்ளிக் கமாண்டோ’ நாவல் வரிசை. முதலாவது 2004இல் வந்தது, ஐந்தாவது 2009இல். ஐந்தாவது வரும்போது கதைக்குள் குடியரசு கவிழ்ந்து பேரரசு வந்துவிட்டதால் வரிசையின் பெயரே மாறி ‘இம்பீரியல் கமாண்டோ: 501ஸ்ட்’ ஆகிவிட்டது. அதன் முடிவில் டார்மன் என்ற குளோன் சிப்பாய் பேரரசின் படையிலேயே தங்கிவிடுகிறான். மனைவி செத்துப்போய்விட்டாள். பிள்ளை வேறொரு கிரகத்தில், தான் யாரிடம் வளர்கிறோம் என்றே தெரியாத வயதில். (பதினைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இதற்கெல்லாம் ஸ்பாய்லர் எச்சரிக்கை போட முடியாது.) அப்பன் பிள்ளையைப் போய்ப் பார்த்தானா இல்லையா என்பது ஆறாவது புத்தகத்தில்.

ஆறாவது வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.

போன வாரம் ஒரு நண்பரிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவர் சட்டென்று சொன்னார்: “ஓடியிருக்காதுப்பா, அதான் நிறுத்திட்டாங்க.” எல்லோரும் சொல்வது இதைத்தான். பாதி நேரம் அது தப்பு. டை-இன் நாவல்களின் அடுத்த பாகம் ரத்தாகும்போது பெரும்பாலும் நூலின் தரத்துக்கும் விற்பனைக்கும் அதில் சம்பந்தமே இருப்பதில்லை. இதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

டை-இன் நாவல் என்றால் ஏற்கெனவே இருக்கும் சினிமா, டிவி தொடர், வீடியோ கேம் ஆகியவற்றின் உலகத்தை வைத்து, அதன் உரிமையாளரிடம் லைசென்ஸ் வாங்கி, ஒரு பதிப்பகம் வெளியிடும் நாவல். எழுத்தாளருக்குப் பெரும்பாலும் கூலிக்கு எழுதும் ஒப்பந்தம்தான். கதைமாந்தர், உலகம், அவர் புதிதாகச் சேர்த்த ஊர் பேர், மொழி எல்லாமே கடைசியில் உரிமையாளருடைய சொத்து. முதலில் கதைச்சுருக்கம் எழுதித் தர வேண்டும். அதை எடிட்டர் பார்ப்பார், பிறகு உரிமையாளர் தரப்பில் ஒருவர் பார்ப்பார். சரி என்றால் எழுதலாம். எழுதி முடித்த பிரதியும் அதே வழியில் மறுபடி போய் வர வேண்டும். ஒரு புத்தகத்துக்குச் சாதாரணமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். இந்த ஒரு வருஷத்தில் உரிமையாளர் வீட்டில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். நடக்கிறது.

ட்ராவிஸுக்கு நடந்தது இதுதான். மாண்டலோரியர்கள் என்ற போர்க்குடியை அவர் ஐந்து நாவல்களில் வளர்த்தெடுத்தார். அவர்களுக்கு ஒரு பேச்சுமொழி, பாட்டு, தத்தெடுக்கும் வழக்கம், செத்தவர் பெயரை ராத்திரி சொல்லி நினைப்பது, இப்படி. இன்னொரு பக்கம் ‘தி குளோன் வார்ஸ்’ அனிமேஷன் தொடர் 2008இல் தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதில் இவர்களுடைய கிரகமான மாண்டலோர் வேறு மாதிரி வரப்போகிறது என்று ஆனதும் அவர் 2009இலேயே விலகுவதாக அறிவித்துவிட்டார். 2010 ஜனவரியில் அந்த எபிசோடும் வந்தது. அதில் மாண்டலோர் போரைக் கைவிட்ட சமாதான நாடு. பழைய வீரர்களையெல்லாம் நாடுகடத்தியாகிவிட்டது. ஐந்து புத்தகத்து உழைப்பை இருபது நிமிஷத்து எபிசோடு ஒன்று ஓரங்கட்டிவிட்டது.

இதில் அனிமேஷன் தொடரைத் திட்ட எனக்கு மனசில்லை. கேமராவுக்கும் பேனாவுக்கும் சண்டை வந்தால் கேமராதான் ஜெயிக்கும். கோடிக்கணக்கான பேர் பார்க்கும் ஒன்றை, லட்சம் பேர் படிக்கும் ஒன்றுக்காக எந்த முதலாளியும் மாற்றமாட்டார். என் கோபம் வேறு இடத்தில். அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுதி முடித்து, எடிட்டிங்கும் முடிந்து, அட்டைப்படம்கூட வெளியான பிறகு நின்றுபோனவை உண்டு. 2009இல் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ படம், பழைய டிவி தொடரின் கதைமாந்தரை வைத்துக் கதையை முதலிலிருந்து வேறு விதமாகத் தொடங்கியது, பெரிய ஹிட். அந்தப் புதிய காலவரிசையில் நான்கு நாவல்களை 2010 கோடையில் வெளியிடப்போவதாக பாக்கெட் புக்ஸ் அறிவித்தது. எழுதியவர்கள் ஆலன் டீன் ஃபாஸ்டர், கிறிஸ்டோபர் பென்னட், டேவிட் மேக், கிரெக் காக்ஸ். நால்வருமே இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். நான் ஒரு இணையக் கடையில் முன்பதிவு செய்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். 2010 ஜனவரியில் நான்கையும் நிறுத்திவிட்டார்கள். காரணம், அடுத்த படத்தின் கதையை இயக்குநர் குழு யோசித்துக்கொண்டிருக்கிறது, அதுவரை அந்த உலகத்தில் புதுக்கதை வேண்டாம் என்பது. கடையிலிருந்து எனக்கு வந்தது இரண்டு வரி மின்னஞ்சல். “தாங்கள் கேட்ட பொருள் தற்போது கிடைக்காது.” வேறு நிறம் வேண்டுமா என்று கேட்காதது ஒன்றுதான் குறை.

யோசித்துப் பாருங்கள். அடுத்த படம் வந்தது 2013இல். படம் இல்லாத அந்த நான்கு வருஷம்தான் நாவல்களுக்கு வேலை இருந்த காலம். திரையில் எதுவும் இல்லாதபோது வாசகனைப் பிடித்துவைப்பதற்காகத்தானே டை-இன் நாவல் என்ற சரக்கே இருக்கிறது? அந்தக் காலத்தில்தான் பயந்துபோய் நிறுத்தினார்கள். நாவலில் தற்செயலாக வரும் ஒரு சம்பவம் படத்தின் திரைக்கதையோடு மோதிவிடுமோ என்ற பயம். நாவலைக் கண்டுகொள்ளாமல் படம் எடுக்கும் உரிமை அவர்களுக்கு எப்போதுமே இருந்தது, அப்படியிருந்தும் பயம்.

ஸ்டார் வார்ஸில் ஜெய்னா சோலோ கதை இன்னும் நீளம். முதல் ஸ்டார் வார்ஸ் படங்களின் ஜோடியான ஹான் சோலோவுக்கும் லேயாவுக்கும் பிறந்த மகள், நாவல்களிலேயே வளர்ந்த பெண். 2002இல் வந்த ஒரு நாவலில் அவள் மாமா லூக் அவளை ‘ஜெடையின் வாள்’ (ஜெடை என்பது அந்த உலகத்தின் வீரத் துறவிகள்) என்று அழைத்துக் குறி சொல்வதுபோல ஒரு காட்சி உண்டு. பத்து வருஷம் கழித்து, 2012இல், அதே பெயரில் மூன்று நாவல் வரப்போகிறது, கிறிஸ்டி கோல்டன் எழுதுகிறார் என்று அறிவித்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 30 அன்று ஸ்டார் வார்ஸின் உரிமையாளரான லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கும் செய்தி வந்தது, 405 கோடி டாலர். கூடவே புதுப் படங்கள் வரப்போவதாகவும் சொன்னார்கள். புதுப் படம் என்றால் ஹானும் லேயாவும் திரும்பி வருவார்கள். அவர்களுக்கு என்ன பிள்ளை, எத்தனை பிள்ளை என்பதைத் திரைக்கதைதான் முடிவுசெய்யும். ஜெய்னா கதை அன்றைக்கே முடிந்தது. 2014 ஏப்ரலில் பழைய நாவல்கள் மொத்தத்துக்கும் ‘லெஜெண்ட்ஸ்’, அதாவது இனி அதிகாரபூர்வக் கதையில் சேராதவை, என்று முத்திரை குத்தியது வெறும் சடங்குதான். 2013இல் வந்த ட்ராய் டென்னிங்கின் ‘க்ரூசிபிள்’ அந்தப் பழைய காலவரிசையின் கடைசி நாவலாக நின்றுபோனது. அது கடைசி என்று தெரிந்து அவரும் எழுதவில்லை, தெரிந்து நாங்களும் படிக்கவில்லை.

அதே புயலில் ஒன்று தப்பித்தது என்பதையும் சொல்ல வேண்டும். ‘எம்பயர் அண்ட் ரெபெலியன்’ என்று மூன்று நாவல், ஒவ்வொன்றும் வேறு வேறு கை. முதல் இரண்டும் பழைய கணக்கில் சேர்ந்துவிட்டன. கெவின் ஹெர்ன் எழுதிய மூன்றாவது மட்டும் வரிசையிலிருந்து கழற்றப்பட்டு, 2015இல் புதுக் கணக்கில் தனி நாவலாக வந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள், மூன்றாவது மட்டும் வேறு இனிஷியலோடு. அந்த நாவல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது தனிக் கதை.

திரை வந்து நாவலைத் தள்ளுவது ஒரு வகை. அதைவிடச் சின்னக் காரணங்களும் உண்டு. ஸ்டார் ட்ரெக்கின் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ டிவி தொடர் முடிந்த பிறகு அதன் கதையை நாவல்களில் தொடர்ந்தார்கள், 2001இலிருந்து. அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. 2008 டிசம்பரில் பதிப்பகம் ஆட்குறைப்பு செய்தபோது அந்த வரிசையைக் கட்டி வளர்த்த எடிட்டரின் வேலை போய்விட்டது. 2009இல் ஒரு நாவல், பெரிய ஆபத்து ஒன்று வாசலில் நிற்பதுபோல முடிந்தது. அதற்குப் பிறகு அந்த ஆட்களின் கதையைத் தொடர்ந்த நாவலைப் பிரித்தால் கதை சில வருஷம் தாண்டிக் குதித்திருக்கிறது! நடுவில் என்ன ஆனது என்பதை 2015 கடைசியில்தான் டேவிட் ஆர். ஜார்ஜ் எழுதி முடித்தார். ஒரு மேஜை காலியானதற்கு வாசகன் ஆறு வருஷம் காத்திருந்தான். தொடர் என்பது பல நேரம் ஒரு எடிட்டரின் தலைக்குள்தான் இருக்கிறது. அந்த ஆள் போனால் குறிப்பேடு இருந்தும் பிரயோஜனமில்லை.

விற்பனையும் காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. எந்தத் தொடரிலும் இரண்டாவது புத்தகத்தை வாங்குபவர்கள் முதலாவதை வாங்கியவர்களில் ஒரு பகுதிதான். கடைக்காரர்கள் போன புத்தகம் விற்றதைப் பார்த்து அடுத்ததைக் குறைத்து எடுப்பார்கள், குறைத்து எடுத்ததால் குறைத்து விற்கும். சாதாரண நாவலில் இந்தச் சரிவைப் பதிப்பகம் கொஞ்ச நாள் தாங்கும். டை-இன் நாவலில் வரும் காசில் லைசென்ஸ் கொடுத்தவருக்கும் பங்கு போக வேண்டும் என்பதால் தாங்கும் தெம்பு குறைவு. அவ்வளவுதான், இதில் மர்மம் ஒன்றுமில்லை.

லைசென்ஸ் கைமாறுவது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ‘டாக்டர்’ என்ற காலப் பயணியை நாயகனாகக் கொண்ட பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடர் டிவியில் இல்லாத காலத்தில், 1991இலிருந்து, வர்ஜின் பதிப்பகம் ‘நியூ அட்வெஞ்சர்ஸ்’ என்று நாவல்கள் போட்டது. 1996இல் டிவி படம் வந்த சூட்டில் பிபிசி உரிமத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1997இல் டாக்டர் வர்ஜினை விட்டுப் போனார். ஆனால் வரிசை நிற்கவில்லை. பால் கார்னல் 1992இல் ஒரு நாவலுக்காக உருவாக்கிய பெர்னிஸ் சம்மர்ஃபீல்டு என்ற தொல்லியல் அறிஞர் பிபிசியின் சொத்து இல்லை. டாக்டர் இல்லாமல் அவளை வைத்தே 1999 வரை ஓட்டினார்கள். இதற்கிடையே பிக் ஃபினிஷ் நிறுவனம் 1998இல் ஆடியோ நாடகம் போடத் தொடங்கியபோது முதலில் எடுத்ததே பெர்னிஸ் கதையைத்தான். துணைக்கு வந்தவள் தனிக்குடித்தனம் போய் நன்றாக வாழ்ந்தாள். எழுத்தாளர் தான் படைத்த பாத்திரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடிந்ததால் நடந்தது இது.

ட்ராவிஸுக்கு அந்த வழி இல்லை. டார்மனை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போக முடியாது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாமா என்று நம் பாட்டிமார் கேட்பார்களே, அதேதான். ஐந்து நாவலுக்கு உயிரைக் கொடுத்து எழுதியவருக்கு ஆறாவதை எழுத அனுமதி இல்லை. அனுமதி இருப்பவருக்கு எழுதும் எண்ணம் இல்லை.

என் கோபம் இங்கேதான். ரத்து செய்யுங்கள், அது உங்கள் சொத்து. ஆனால் பூட்டியே ஏன் வைக்க வேண்டும்? ராபர்ட் ஜே. சாயர் 1990களில் ஸ்டார் வார்ஸுக்காக எழுதத் தொடங்கி நின்றுபோன ‘ஏலியன் எக்ஸோடஸ்’ திட்டத்தைத் தன் இணையதளத்தில் போட்டுவைத்திருக்கிறார். மார்கரெட் வாண்டர் பொனானோ எழுதிய ஸ்டார் ட்ரெக் நாவல் ஒன்றை வேறொருவரை வைத்து மாற்றி எழுதி 1992இல் ‘ப்ரோப்’ என்று வெளியிட்டார்கள்; தன் மூலப் பிரதியை அவர் பிற்பாடு ரசிகர்கள் படிக்கக் கொடுத்தார். இதனால் எந்த ஃபிரான்சைஸும் குடிமுழுகிப் போகவில்லை. ‘இது அதிகாரபூர்வம் அல்ல’ என்று மேலே ஒரு வரி போட்டு, ஆறாவது புத்தகத்தின் கதைச்சுருக்கத்தை மட்டும் வெளியிட்டால் டிஸ்னிக்கு என்ன நஷ்டம்? பத்துப் பக்கம் போதும். அப்பன் பிள்ளையைப் பார்த்தானா இல்லையா, அது தெரிந்தால் போதும் எனக்கு.

மரியாதையாக முடிக்க முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இருபது வருஷமாக நாவல்களில் வளர்ந்த ஸ்டார் ட்ரெக் காலவரிசையை 2020இல் வந்த ‘பிக்கார்ட்’ டிவி தொடர் பொய்யாக்கியது. அங்கே திடீரென்று கதவைச் சாத்தவில்லை. 2021இல் ‘கோடா’ என்று மூன்று நாவல். டேட்டன் வார்டு, ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மேக் ஆளுக்கொன்று எழுதினார்கள். அந்த உலகத்தை அந்த உலகத்துக்குள்ளேயே பாடை கட்டி, முறைப்படி வழியனுப்பிவைத்தார்கள். அதில் நடந்த சாவுகள் அதிகம் என்று பலருக்கு மனக்குறை. எனக்கும் இரண்டு இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போக வேண்டியிருந்தது. இருந்தாலும் அழுவதற்கு ஒரு கடைசிப் பக்கம் கிடைத்ததே.

2010இல் நிறுத்திய அந்த நான்கில் இரண்டு, ஃபாஸ்டருடையதும் மேக்குடையதும், கடைசியில் 2020இல் வெளிவந்தன. பத்து வருஷம். அதற்குள் படம் மூன்றாகி அந்த வரிசையே தேங்கி நின்றிருந்தது. ஃபாஸ்டரின் நாவலை வந்தவுடன் வாங்கினேன். முதல் படம் முடிந்த சூட்டில் நடக்கும் கதை. எல்லோரும் கல்லூரி முடித்து வந்த பிள்ளைகள்போல இருக்கிறார்கள், கேப்டனுக்கு இன்னும் நாற்காலி பழகவில்லை. ஒரு பக்கத்தில் செகோவ் என்ற பெயர் கண்ணில் பட்டது. படத்தில் அந்த வேஷம் போட்ட ஆன்டன் யெல்சின் 2016இல், 27 வயதில், விபத்தில் இறந்துவிட்டார். புத்தகத்துக்கு அது தெரியாது. 2010இல் வந்திருந்தால் சாதாரணமாகக் கடந்துபோயிருப்பேன் அந்த வரியை.