எனக்கு இறங்கியது, தம்பிக்கு ஏறியது

நானும் தம்பியும் ஒரே வாரத்தில்தான் மாவுச்சத்தைக் குறைத்தோம். ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. உள்காயத்தை, அதாவது உடலுக்குள் இருக்கும் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் எனக்கு 4-லிருந்து 1-க்குப் பக்கத்தில் வந்திருந்தது. காலையில் விரல் மடக்க முடியாமல் இருந்த விறைப்பும் போயிருந்தது. உடனே ரிப்போர்ட்டை இங்கே போட்டுப் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

தம்பி ரிப்போர்ட்டை நான் போடவில்லை. அவனுக்கு சிஆர்பி முதலிலேயே குறைவு, அது அசையவே இல்லை. கெட்ட கொழுப்பு என்கிறார்களே, அந்த எல்டிஎல் மட்டும் 200-ஐத் தாண்டியிருந்தது. "நீ சொல்லித்தானேண்ணே ஆரம்பிச்சேன்" என்றான்.

யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. எனக்குத் தொப்பை. வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்தச் சேதி போய்த்தான் கல்லீரல் சிஆர்பியைத் தயாரிக்கிறது. 9 கிலோ குறைந்ததும் சேதியும் குறைந்தது. ஆக, என்னைக் குணமாக்கியது மாவுச்சத்து போனதா, எடை போனதா? சத்தியமாக என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கூடவே நொறுக்குத்தீனியை விட்டேன், நன்றாகத் தூங்கினேன். எல்லாப் புகழையும் உணவுமுறைக்கே கொடுத்தால் எப்படி?

தம்பி ஒல்லி, தினமும் ஓடுகிறவன். குறைக்க அவனிடம் என்ன இருந்தது? ஒல்லியாக இருப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும்போது சிலருக்கு எல்டிஎல் எகிறுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அதோடு, ஒரே டயட் என்று சொல்லிக்கொண்டோமே தவிர தட்டு வேறு. என் தட்டில் பாதி காய்கறி. அவன் தட்டில் இறைச்சியும் வெண்ணெயும். நார்ச்சத்து போனால் குடல் பாக்டீரியாவுக்கு இரை போச்சு. குடல் சுவரைக் காக்கும் பியூட்டிரேட்டை அவை எதை வைத்துத் தயாரிக்கும்?

ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வு 2018-இல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்தார்கள். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் சிலர் ஏராளமாக இளைத்தார்கள், சிலர் எடை கூடினார்கள். யாருக்கு எது ஒத்துவரும் என்று மரபணுவைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை, இன்சுலின் சுரப்பைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. என் ஒருத்தன் ரிப்போர்ட்டை வைத்து நான் ஊருக்கே சொல்லிவிட்டேன்!

மாவுச்சத்து குறையும்போது உடல் கொழுப்பிலிருந்து தயாரிக்கும் எரிபொருள்தான் கீட்டோன். "கீட்டோன் உள்காயத்தை அணைக்கும்" என்று ஃபார்வர்டு வரும். பொய்யில்லை. கீட்டோன் ஒன்று, அழற்சியைக் கிளப்பும் என்எல்ஆர்பி3 என்ற அமைப்பைத் தடுப்பதை 2015-இல் காட்டினார்கள். செல்களிலும் எலிகளிலும். அந்த வார்த்தை மட்டும் ஃபார்வர்டில் உதிர்ந்துவிடும்.

சிஆர்பி எடுப்பவர்களுக்கு ஒன்று. சளி, காய்ச்சல் இருக்கும்போது எடுக்காதீர்கள், எகிறிக் காட்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் மாவுச்சத்தில் கை வைக்கவே வேண்டாம். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடலாம்.

தம்பி வெண்ணெயைக் குறைத்து, பருப்பும் பழமும் சேர்த்துக்கொண்டான். எல்டிஎல் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் பழையபடியே தொடர்கிறேன். அவன் சம்மதித்துவிட்டதால் அவனுடைய ரிப்போர்ட்டையும் கீழே போட்டிருக்கிறேன். அதற்கு எத்தனை லைக் விழுகிறது என்று பார்க்கிறேன்.