எந்தப் புல்லுக்கு மருந்து கேட்கிறீர்கள்?

மழை விட்டதும் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர்கள் களைக்கொல்லி பற்றிக் கேட்பது ஒன்றுதான்: "புல்லு இடுப்பளவு நிக்குது, நல்ல மருந்தா ஒண்ணு சொல்லுங்க." என்ன புல் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இல்லை. மருந்துக்கடையிலும் அதைக் கேட்பதில்லை, அலமாரியில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

என் கட்சி இதுதான்: தென்னந்தோப்பில் மருந்துக்கு வேலை இருப்பது கோரைப்புல்லிடமும் அருகம்புல்லிடமும் மட்டும்தான். மற்றதைப் புல்வெட்டும் இயந்திரமான பிரஷ் கட்டர் பார்த்துக்கொள்ளும். பார்த்தீனியம் மட்டும் விதிவிலக்கு, வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

கோரை வேறு ரகம். கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும். ரோட்டவேட்டர் (டிராக்டர் சுழல் கலப்பை) விட்டால் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாகக் கிளம்பும். அருகையும் அப்படித்தான் துண்டு துண்டாக நாமே நட்டுவிடுகிறோம். "அருகு போல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்தியவர் தோப்புக்காரராக இருந்திருக்க மாட்டார்!

இந்த இரண்டுக்கும் இலையில் பட்டு வேர்வரை இறங்கும் மருந்துதான் வேண்டும். ஊரில் எல்லோரும் அடிப்பது கிளைபோசேட். ஆனால் 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளவை என்ற 2A பட்டியலில் இதைச் சேர்த்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள்தான் இதை அடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அப்படி ஓர் ஆளை எங்கள் பக்கம் தேடினால் வீட்டுக்குக் கரையான் மருந்து அடிப்பவர்தான் கிடைப்பார். காகிதத்தில் உத்தரவு போட்டு, விவசாயிக்கு மாற்றுவழி காட்டாமல் விட்டதில் எனக்கு நிறையக் கோபம் உண்டு.

முறைப்படி ஆள் பிடித்து அடித்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். கலங்கல் தண்ணீரில் கலந்தால் மண்துகளே மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புக் கூடின போர்த்தண்ணீரிலும் வீரியம் குறையும். அதனால்தான் லிட்டருக்கு 20 கிராம் அம்மோனியம் சல்பேட்டை முதலில் கரைத்து, பிறகு 41 சதவீத மருந்து 10 மில்லி ஊற்றச் சொல்வார்கள். புல் பச்சையாக, நன்றாக வளர்கிற நிலையில் இருக்க வேண்டும், வெட்டின கையோடு அடித்தால் பணம்தான் போகும். ஊடுபயிராக வாழையோ பப்பாளியோ இருந்தால் பச்சைத் தண்டில் ஒரு துளிகூடப் படக்கூடாது. தென்னங்கன்றுக்கும் அதே கதைதான். தெளிப்பான் நாசிலுக்கு மறைப்புக் குடை மாட்டாமல் மருந்தடிப்பவரை உள்ளே விடாதீர்கள். ஒரு தடவையில் கோரை ஒழியாது, உறங்கிக் கிடக்கும் கிழங்குகளுக்கு மருந்து போய்ச் சேராது. அவை முளைத்த பிறகு அந்தத் திட்டுக்கு மட்டும் இன்னொரு தடவை.

"நாளைக்கே கருகணும்" என்பவர்களுக்குக் கடைக்காரர் பாராகுவாட் கொடுப்பார். கருகும்தான். ஆனால் அது பட்ட இடத்தை மட்டும் எரிக்கும், கிழங்கு அப்படியே இருக்கும், கொஞ்ச நாளில் கோரை மறுபடி தலைநீட்டும். அதைவிட முக்கியம், மனிதர் உடலுக்குள் போனால் முறிமருந்து கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இலிருந்து இதற்கு அனுமதி இல்லை, இலங்கையும் கேரளமும்கூட நிறுத்திவிட்டன. என் தோப்புக்குள் இதை விடமாட்டேன்.

டூ-ஃபோர்-டி (2,4-D) என்று இன்னொரு களைக்கொல்லி உண்டு. அது அகன்ற இலைச் செடிகளைத்தான் கொல்லும், அருகுக்கு அதை அடித்துப் பயனில்லை. காற்றில் பக்கத்துக் காட்டுப் பருத்திக்கோ தக்காளிக்கோ போனால் இலை சுருண்டு, வரப்புச் சண்டை தொடங்கும். அந்த டேங்கை எவ்வளவு கழுவினாலும் காய்கறிக்கு எடுக்கக்கூடாது, களைக்கொல்லிக்கென்று தனி டேங்க் வேண்டும். அப்புறம் களைக்கு அடிக்கச் சொல்லி யூடியூபில் வரும் கல்லுப்புக் கரைசல்: புல் காய்ந்த பிறகும் உப்பு உங்கள் மண்ணில்தான் கிடக்கும்.

கோரைக்கு நிழல் ஆகாது, அதனால் நெருக்கமான பயிரே அதை அடக்கும். மருந்துக்கு ஒதுக்கும் காசில் பாதிக்குச் பசுந்தாள் உரப் பயிரான சணப்பும் தட்டைப்பயறும் வாங்கி, ஐப்பசி மழைக்கு முன் நெருக்கமாக விதைத்துப் பாருங்கள். சணப்பைப் பூக்கும் நேரத்தில் மடக்கிவிடலாம், தட்டைப்பயறைக் காய் பறித்துவிட்டுக் கொடியை மரத்தடியில் மூடாக்காகப் போடலாம்.